கோட்டுப் பையில் ஒரு பட்டுப் பொட்டலம்

இப்போதெல்லாம் நாம் எந்த வீட்டில் கூடினாலும் பேச்சு வயிற்றில் வந்துதான் நிற்கிறது. கவனித்திருக்கிறீர்களா? ஒரு காலத்தில் அகதிக் கேஸ் என்னாயிற்று என்று பேசினோம். பிறகு வீட்டு லோன், பிறகு பிள்ளைகளின் படிப்பு. இப்போது நெஞ்செரிவு, புளித்த ஏப்பம், படுத்தால் தொண்டை வரைக்கும் ஏறி வருகிற அமிலம். கைப்பையைத் திறந்தால் ஆளுக்கொரு குளிசைப் பெட்டி. போன மாதம் உங்களில் ஒருவர் வீட்டுப் பிறந்தநாளில், வீட்டுக்காரர் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து பெருமையாக மேசையில் வைத்தார். மகன் இணையத்தில் வாங்கிக் கொடுத்த திபெத்து மூலிகைக் குளிசையாம். மாதுளை விதை, ஏலம், திப்பிலி, கறுவா எல்லாம் இடித்து உருட்டியது, வயிற்றுக்கு அந்த மாதிரி வேலை செய்கிறது என்றார். எல்லோரும் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தீர்கள். நான் மட்டும் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தேன். "உமக்கு எல்லாத்திலையும் சந்தேகம்" என்று சிரித்தீர்கள்.

சந்தேகம்தான். பால் போத்தலை மோந்து பார்க்காமல் நான் தேநீர் போட்டதில்லை. பூட்டிய கதவை இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்கியதில்லை. அதெல்லாம் என் அம்மா வீட்டுச் சீதனம். ஆனால் அந்தக் குளிசையைத் திருப்பி வைத்ததற்குக் காரணம் வேறு. அந்த மணம் எனக்குத் தெரியும். ஈர மண்ணும் ஏலக்காயும் பழைய மரப்பெட்டியும் கலந்தது போல ஒரு மணம். எனக்குப் பத்து வயதாக இருந்த ஒரு குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டு மாடிப்படியில் அந்த மணம் நின்றது. அந்தக் குளிர்காலம் முடிந்தபோது எங்கள் வீட்டில் ஓர் ஆள் குறைந்திருந்தார்.

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஒரு ஒடுக்கமான வாடகை வீடு. அப்பா, அம்மா, நான், பிறகு மாமி. மாமி என்றால் அப்பாவின் தங்கை. முப்பது வயது இருக்கும், கலியாணம் ஆகவில்லை. ஊரில் சண்டை முற்றியபோது தனியாக வந்து சேர்ந்தவர். மாடியில் கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத பொக்ஸ் றூம்தான் அவருடையது. மோர்டன் பக்கத்தில் வயதானவர்களைப் பார்க்கும் ஒரு இல்லத்தில் காலை ஷிப்ட் வேலை. அவருடைய கேஸ் இன்னும் முடியவில்லை. அதனால் எங்கள் விலாசம்தான் அவர் இந்த நாட்டில் இருக்கிறார் என்பதற்கே அத்தாட்சி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் தலையை அவிழ்த்துப் பின்னிவிடுவார். இழுக்காமல் பின்னத் தெரிந்த ஒரே கை அந்த வீட்டில் அவருடையதுதான். அம்மா பின்னினால் கண் இரண்டும் பக்கவாட்டில் இழுபட்டு நிற்கும்.

அப்பா ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்தார். ஷிப்ட் மாறி மாறி வரும். சாப்பாட்டுக்கு நேரம் காலம் கிடையாது. அந்த வருடம் குளிர் தொடங்கியதிலிருந்தே அவருக்கு வயிறு சரியில்லை. ஒரு பிடி சோறு தின்றாலும் வயிறு ஊதிக்கொள்ளும். பெல்டைத் தளர்த்திவிட்டு சோபாவில் சாய்ந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு, நீளமாக ஏப்பம் விடுவார். ரீவியில் செய்தி வாசிக்கிறவர் சொல்வது கேட்காது. டொக்டர் வெள்ளையாக, சோக்கட்டி கரைத்த மாதிரி ஒரு போத்தல் மருந்து கொடுத்தார். அது முடிந்ததும் இன்னொரு போத்தல் கொடுத்தார். அதன் பிறகு கவலைப்படாமல் இருக்கச் சொன்னார்.

அம்மா ஓமத்தண்ணீர் காய்ச்சினார், இஞ்சி இடித்துச் சாறெடுத்தார், மிளகும் மல்லியும் உள்ளியும் அரைத்துச் சரக்குத் தண்ணி வைத்தார். எதுவும் கேட்கவில்லை. "உந்த ஹோட்டல்ல என்னத்தை வாங்கித் தின்னுறியள்?" என்று கேட்பார். "ஒண்டும் தின்னேல்லை" என்பார் அப்பா. அம்மா நம்பமாட்டார். அப்பாவின் சட்டையை மோந்து பார்ப்பார். அம்மாவுக்கு உலகம் முழுவதும் ஏதோ ஒன்றை அவரிடமிருந்து மறைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு எண்ணம். இறைச்சிக்கடைக்காரன் தராசை அழுத்துகிறான், பக்கத்து வீட்டுக்காரி குப்பையை நம் வாளியில் போடுகிறாள், தபால்காரன் கடிதத்தைப் பிரித்துப் பார்த்து ஒட்டுகிறான். சின்ன வயதில் எனக்கு இது சிரிப்பாக இருக்கும். அவர் தம்பியை ஊரில் ஆமி ஏற்றிக்கொண்டு போன நாளிலிருந்துதான் இப்படி ஆனார் என்று பின்னால்தான் எனக்கு விளங்கியது. "விசாரிச்சுட்டு விடுறம்" என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். அம்மா ஒழுங்கை வாசலில் நின்று அதை நம்பினார். அந்த ட்ரக்கின் முன்கண்ணாடியில் ஒரு புத்தர் படம் ஒட்டியிருந்ததாம். தம்பியோடு சேர்த்து அவர் கடைசியாகப் பார்த்தது அதைத்தான்.

தை மாதம் போல அப்பா மாற ஆரம்பித்தார். முதலில், காலையில் தேநீரை நிறுத்தினார். வெறும் சுடுதண்ணீரைக் கோப்பையில் ஊற்றி ஊதி ஊதிக் குடித்தார். வேலைக்குப் போகும்போது சிவப்புக் கட்டம் போட்ட ஒரு தேர்மஸ் போத்தலில் அதே சுடுதண்ணீரைக் கொண்டுபோனார். அதன் பிறகு அம்மாவின் மீன்குழம்பை ஒதுக்கினார். எங்கள் வீட்டில் இதற்கு முன்னால் நடந்திராத விஷயம் அது. பழப்புளியைக் கரைத்து, வெந்தயம் மிதக்க, எண்ணெய் மேலே நிற்க அம்மா வைக்கும் குழம்பு மாதா கோயில் திருநாளில் கூடப் பெயர் போனது. அப்பா ஒரு துண்டு மீனை எடுத்துத் தண்ணீரில் அலசாத குறையாகக் குழம்பை வழித்துவிட்டுச் சாப்பிட்டார். "ஏன், குழம்புக்கு என்ன?" என்றார் அம்மா. "ஒண்டுமில்லை, புளிப்பு ஒத்துக்கொள்ளேல்லை." சலாட்டையும் தொடவில்லை, தயிரையும் தொடவில்லை. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த எதையும் தொடவில்லை.

அதே நாட்களில்தான் மாமியின் அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. விடிய எல்லோரும் எழும்பும் நேரத்தில், கதவு சாத்திய பொக்ஸ் றூமுக்குள் டக் டக் என்று ஏதோ தட்டுப்படும். பிறகு அந்த ஈர மண் மணம் கதவின் கீழால் வந்து படியில் இறங்கும். அம்மா ஒருநாள் கேட்டார், "என்ன இடிக்கிறாய்?" மாமி, "மிளகு, அண்ணி. தொண்டை கட்டிக் கிடக்கு" என்றார். அம்மா குசினிக்கு வந்து தன் மிளகுப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குறையவில்லை.

ஹரோவில் இருந்த பெரியம்மாவோடு போனில் கதைப்பது அம்மாவின் வழக்கம். அம்மாவின் அக்கா. வீட்டை விட்டு அசையாமலே லண்டனில் உள்ள எல்லா வீட்டு விஷயமும் தெரிந்து வைத்திருப்பவர். படியில் உட்கார்ந்து அம்மா எல்லாவற்றையும் சொன்னார். மெலிகிறார், சாப்பிடுகிறார் இல்லை, என் கையால் வைத்த குழம்பு ஆகவில்லை, சுடுதண்ணீர் குடிக்கிறார், தங்கச்சிக்காரி கதவைப் பூட்டிக்கொண்டு இடிக்கிறாள். பெரியம்மாவின் குரல் போனுக்கு வெளியிலேயே கேட்கும்.

"எடியே, இது இடுமருந்து."

உங்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகளுக்குத்தான் சொல்ல வேண்டும். ஒருவரை வசப்படுத்திக் கையில் வைத்திருக்கச் சோற்றிலோ தேநீரிலோ ரகசியமாகக் கலந்து கொடுப்பதாகச் சொல்லப்படும் மருந்து அது. போன மருந்து வயிற்றில் செமிக்காமல் அப்படியே ஒட்டிக்கொண்டு இருக்குமாம். சாப்பாடு இறங்காதாம், வயிறு ஊதுமாம், ஆள் மெலியுமாம், கட்டின பெண்சாதியின் சமையல் கசக்குமாம். ஒவ்வொன்றையும் பெரியம்மா கேட்கக் கேட்க அம்மா "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற, செபமாலை உருட்டுகிற இரண்டு பெண்கள் இதை நம்பினார்களா என்று கேட்காதீர்கள். நம்பினார்கள். மாதாவையும் நம்பினார்கள், இதையும் நம்பினார்கள்.

அன்றிலிருந்து மாமி கையால் நான் எதையும் வாங்கித் தின்னக்கூடாது என்று உத்தரவு. மாமியின் கோப்பை தனியாக வைக்கப்பட்டது. மாமி குசினிக்குள் வந்தால் அம்மா சட்டிகளை மூடினார். அப்பாவின் வயிற்றில் இருப்பதை வெளியே கொண்டுவர, பெரியம்மா சொன்னபடி, டூட்டிங் கடையில் பாகற்காய் வாங்கிப் பச்சையாக அரைத்துச் சாறெடுத்துக் கொடுத்தார் அம்மா. அப்பாவும், பாவம், இது ஏதோ வயிற்றுக்கான கைவைத்தியம் என்று நினைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். விடிய மாமி இடித்துக் கொடுத்தது ஒன்று, ஒன்பது மணிக்கு அம்மா அரைத்துக் கொடுத்தது இன்னொன்று. ஒருத்தி என்ன கொடுக்கிறாள் என்று மற்றவளுக்குத் தெரியாது. நடுவில் அந்த வயிறு என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசியுங்கள். இரண்டு தரம் சத்தியெடுத்தார். அம்மா வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் முழுக்க வரேல்லை" என்றார்.

மாமிக்கு விஷயம் விளங்கியிருக்கும். மூடிய சட்டிகளைப் பார்த்தே விளங்கியிருக்கும். ஆனால் அவர் வாய் திறக்கவில்லை. ஒருநாள் என் தலையைப் பின்னும்போது, "பிள்ளை, மாமியிலை உனக்குப் பயமோ?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். "அது காணும்" என்றார். நாடாவைக் கட்டிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை அம்மா துவைக்க எடுத்த அப்பாவின் கோட்டில், உள்பைக்குள் அந்தப் பொட்டலம் இருந்தது. நானும் பக்கத்தில் நின்றேன். ஒரு நெல்லிக்காய் அளவு. மஞ்சள் பட்டுத் துணியில் இறுக்கிச் சுற்றி, கழுத்தில் பல நிற நூலால் கட்டி, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கு உருக்கி ஊற்றியிருந்தது. அம்மா அதைக் கையிலிருந்து உதறி நிலத்தில் போட்டார். குறுக்கே சிலுவை போட்டுக்கொண்டார். என்னைப் பின்னால் இழுத்தார். இவ்வளவு நாளும் அவர் சந்தேகப்பட்டது உண்மையாகிவிட்டது. பயந்துபோனார்தான், ஆனால் கூடவே ஒரு திருப்தியும் அந்த முகத்தில் இருந்தது. நான் பார்த்தேன்.

பின்னேரம் எல்லோரும் இருக்கும்போது அம்மா அதை ஒரு பழைய தட்டில் வைத்துச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தார்.

"உதென்ன?" என்று மாமியைக் கேட்டார். அப்பாவைக் கேட்கவில்லை.

மாமி தட்டைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"உன்னைத்தான் கேக்கிறன். என்ரை மனிசன்ரை கோட்டுக்குள்ளை நூல் கட்டி, அரக்கு வைச்சு, உதென்ன வேலை? இருக்க இடம் தந்தது பிழையோ? தின்னச் சோறு தந்தது பிழையோ? என்ரை கையால திண்ட மனிசனை இப்பிடி மெலிஞ்ச கொள்ளியாக்கி வைச்சிருக்கிறாய், சூனியக்காரி!"

"அண்ணி, நான் ஒரு சூனியமும் செய்யேல்லை."

"அப்ப இது என்னெண்டு சொல்லு!"

மாமி மறுபடியும் அப்பாவைப் பார்த்தார். அப்பா தன் முன்னால் இருந்த சுடுதண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல், ஒரே ஒரு சொல் அவர் சொல்லியிருக்கலாம். "நீர் கொஞ்சம் பொறும்" என்று மட்டும் அம்மாவிடம் முனகினார். அது யாருக்காகச் சொன்னது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"எனக்குத் தெரியாது அண்ணி" என்றார் மாமி.

ஞாயிறு காலையில் மாமி இரண்டு பைகளோடு போய்விட்டார். தன்னோடு வேலை செய்யும் ஒருத்தியின் வீட்டில், மோர்டனில், ஒரு அறை. கோலியர்ஸ் வுட்டிலிருந்து ரயிலில் நடுவில் ஒரே ஒரு ஸ்டேஷன்தான். அப்பா பைகளைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார். படுக்கையில் மாமி எனக்கென்று என் நாடாக்களைச் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

உண்மையில் நடந்தது என்ன என்பதை அப்பா எனக்கு முழுதாகச் சொன்னது நான் கலியாணம் முடித்துப் பிள்ளை பெற்ற பிறகு. அம்மா பூசைக்குப் போயிருந்த ஒரு நாளில், பெரிய பகிடி போலச் சொன்னார். சலவைப் பிரிவில் அவரோடு விரிப்பு மடிக்கிறவர் ஒரு திபெத்துக்காரர். எங்களைப் போல நாட்டை விட்டு வந்தவர். அப்பா ஏப்பம் விட்டு ஏப்பம் விட்டு மடிப்பதைப் பார்த்துவிட்டு, எங்கள் வைத்தியர் ஒருவர் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார், வா என்று கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். யாரோ ஒருவர் வீட்டு முன்னறை. வைத்தியர் அப்பாவின் இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று விரல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தாராம். நாக்கை நீட்டச் சொன்னாராம். காலையில் போன சிறுநீரைப் போத்தலில் கொண்டுவரச் சொல்லி, வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, ஒரு குச்சியால் மோர் கடைவது போல அடித்து, நுரை எப்படி எழும்புகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தாராம். வயிற்றில் சூடு தணிந்துபோய்க் கிடக்கிறது, அடுப்பு அணைந்தால் சோறு எப்படி வேகும் என்றாராம். புளி வேண்டாம், பச்சையாக எதுவும் வேண்டாம், குளிர்ந்தது வேண்டாம், கொதித்தாறிய சுடுதண்ணீர் குடி. விடிய ஒரு குளிசையைப் பொடியாக்கிச் சுடுதண்ணீரில் போட்டுக் குடி. பட்டில் சுற்றியது மட்டும் விசேஷமான குளிசை, வெளிச்சம் படக்கூடாது, பௌர்ணமிக்கு எடு. அவர்கள் ஊரில் அப்படித்தானாம். உயர்ந்த மருந்தைப் பட்டில் சுற்றி, நூல் கட்டி, அரக்கு வைத்துத்தான் கொடுப்பார்களாம்.

"பிறகு ஏன் அம்மாட்டைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"அந்த அறைச் சுவரிலை பெரிய புத்தர் படம், பிள்ளை. கொம்மாவுக்கு நான் என்னெண்டு போய்ச் சொல்லுறது, புத்தரைக் கும்பிடுறவங்களிட்டை மருந்து வாங்கிக் குடிக்கிறன் எண்டு?"

அது சரிதான். அந்த வீட்டில் அந்தப் பெயரையே யாரும் எடுப்பதில்லை. திபெத்துக்காரரும் நம்மைப் போல நாடு இழந்தவர் என்று விளக்கிச் சொல்ல அப்பாவுக்குத் தைரியமில்லை, கேட்க அம்மாவுக்குப் பொறுமையில்லை. வீட்டில் விடிய எழும்புகிற ஆள் மாமி. அதனால் குளிசைகளை அவருடைய பிஸ்கற் டின்னுக்குள் ஒளித்து, இடித்துக் கொடுக்கச் சொல்லி, "ஒருத்தருக்கும் சொல்லாதை" என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். இதையெல்லாம் சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமி வீட்டை விட்டுப் போன கிழமைக்குத் திரும்புகிறேன். பொட்டலத்தை வீட்டில் வைத்திருக்கவும் பயம், குப்பையில் போடவும் பயம். பெரியம்மா சொன்னார், கோயிலுக்குக் கொண்டுபோய்த் தீர்த்தம் தெளித்து எரிப்பித்துவிடு என்று. அம்மா அதை மூன்று பொலித்தீன் பையில் போட்டு முடிந்து, என்னைக் கூட்டிக்கொண்டு பாதரிடம் போனார். அம்மாவுக்கு ஆங்கிலம் கடைக்குப் போய்வரத்தான் காணும். மற்ற எல்லாவற்றுக்கும் நான்தான் வாய். டொக்டரிடம், கவுன்சிலில், பள்ளிக்கூடத்தில். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த உத்தியோகம் இருந்தது, இல்லையா?

பாதர் வயதான வெள்ளைக்காரர். நல்ல மனிதர், காது கொஞ்சம் மந்தம். நான், "எங்கள் வீட்டில் யாரோ கெட்ட மந்திரம் வைத்திருக்கிறார்கள், அம்மா இதை எரிக்கச் சொல்கிறார்" என்று உரக்கச் சொன்னேன். அவர் புருவத்தைத் தூக்கிக்கொண்டு முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பட்டுப் பொட்டலம் வெளியே வந்ததும் முகம் மலர்ந்தது.

"இதுவா! இது உன் அப்பாவின் வயிற்று மருந்தல்லவா? திபெத்து வைத்தியர் கொடுத்தது. நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு ஒருநாள் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்து, புத்த சமயத்தவரின் மருந்தை நான் குடிக்கலாமா பாதர் என்று கேட்டார். தாராளமாகக் குடி, கடவுள் மூலிகைகளுக்கு ஞானஸ்நானம் கேட்பதில்லை என்று சொன்னேன். வயிறு இப்போது எப்படி?"

"என்னவாம்? என்ன சொல்லுறார்?" என்று அம்மா என் கையை உலுக்கினார்.

நான் சொன்னேன். வயது பத்து. எதைக் கூட்ட, எதைக் குறைக்க என்று தெரியாத வயது. மருந்து என்றேன். அப்பாவின் மருந்து என்றேன். புத்த சமயத்தவர் கொடுத்தது என்றேன். மாமியும் அப்பாவும் சேர்ந்து வந்து கேட்டார்கள் என்றேன்.

அம்மா கோயிலின் மர வாங்கில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாதர் தண்ணீர் கொண்டுவந்தார். அம்மா அதைக் குடிக்குமுன் பழக்கதோஷத்தில் மோந்து பார்த்தார். பிறகு அழுதார். நான் அம்மா அழுது பார்த்தது குறைவு. "பாதருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், ஆரோ புத்தரைக் கும்பிடுறவனுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது" என்றார். அதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சண்டை பிடிப்பார் என்று நான் பயந்தேன். அம்மா சண்டை பிடிக்கவில்லை. பொட்டலத்தை அப்பாவின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். "பாதர் குடிக்கச் சொன்னவராம். குடியுங்கோ" என்றார். அம்மா தொடர்ந்து, "நான் அந்தப் பிள்ளையைச் சூனியக்காரி எண்டு சொல்லிப்போட்டன். நாக்கு அழுகாதோ எனக்கு? வாற ஞாயிறு போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் பிழை எண்டு நானே வாசல்ல வைச்சுச் சொல்லுறன் எண்டு சொல்லுங்கோ" என்றார். அம்மா தன் பிழையைத் தானே ஒப்புக்கொண்டதை நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

அந்த ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா பொக்ஸ் றூமைக் கூட்டி, விரிப்பு மாற்றி, யன்னலைத் திறந்துவிட்டார். குளிர் உள்ளே வந்ததும் பதறிப்போய் மறுபடி சாத்தினார். எங்கள் வீட்டில் முதல் தடவையாகப் புளி விடாமல் தேங்காய்ப்பால் விட்டு மீன் காய்ச்சினார். மேசையில் நாலு தட்டு வைத்தார். தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு, பேசவேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே குசினிக்கும் வாசலுக்கும் நடந்தார். நான் கையில் நாடாவை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா தனியாக வந்தார். கோட்டைக் கழற்றி மாட்டினார்.

"எங்கை?"

"அவள் வரமாட்டாளாம்."

"ஏனாம்? நான் சொன்னதைச் சொன்னனீங்களோ?"

"சொன்னனான். உம்மிலைதான் கோவமாம். உம்மடை முகத்திலையே முழிக்கமாட்டாளாம். நீர் இனிக் கதைக்கப் போகாதையும், விடும்."

அம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மேசையிலிருந்து ஒரு தட்டை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார். "அவள் கோவிக்கிறது நியாயம்தானே" என்றார். மாமிக்கு அவர் போன் எடுக்கவில்லை. முகத்தில் முழிக்கமாட்டேன் என்றவரிடம் எந்த முகத்தோடு எடுப்பது என்று கேட்பார். அடுத்த வருடம் மாமிக்கு விசா கிடைத்தது, பிறகு கலியாணம் முடிந்து கனடா போனார் என்பதெல்லாம் எங்களுக்கு ஆட்கள் சொல்லித்தான் தெரியும். அப்பாவின் வயிறு இளவேனில் வந்ததும் சுகமாகிவிட்டது. குளிசையா, புளியை விட்டதா, பாகற்காய்ச் சாறு நின்றதா, எதனால் சுகமானது என்று எனக்குத் தெரியாது. நான் எதற்கும் சாட்சி சொல்லமாட்டேன்.

அம்மா செத்தபோது மாமி வந்தார். கனடாவிலிருந்து இறங்கி நேரே கோயிலுக்கு. தலை முழுக்க நரைத்திருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை, அண்டைக்கு அண்ணை மோர்டனுக்கு வந்து, உன்ரை வீம்பெல்லாம் விட்டுட்டு வா வீட்டை எண்டவர். அண்ணி உண்மையை அறிஞ்சிட்டாவோ எண்டு கேட்டன். பாதர் சொல்லி அறிஞ்சிட்டா எண்டவர். அப்ப நீங்கள் உங்கடை வாயால சொல்லேல்லை எண்டன். பேசாமல் நிண்டார். அண்ணி என்னைச் சூனியக்காரி எண்டது எனக்குப் பெரிசில்லை அண்ணை, அவவுக்குத் தெரியாமல் சொன்னவ, உங்களுக்குத் தெரியும், தெரிஞ்சுகொண்டு கோப்பையைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள், நான் உங்களோடை வரமாட்டன் எண்டன். அண்ணியிட்டைச் சொல்லுங்கோ, எனக்கு அவவிலை ஒரு கோவமும் இல்லை, அவ ஒருக்கா எனக்குப் போன் எடுத்துக் கதைச்சால் நான் உடனை வாறன் எண்டும் சொல்லிவிட்டனான். எத்தினை நாள் அந்தப் போனுக்குப் பக்கத்திலை இருந்திருப்பன். அவ ஏன் பிள்ளை எடுக்கேல்லை?"

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து, வருகிற ஆட்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை, நண்பர்களே. அம்மா இறைச்சிக்கடைக்காரனை நம்பவில்லை, தபால்காரனை நம்பவில்லை, பாதர் கொடுத்த தண்ணீரை மோந்து பார்த்தார். அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று சொன்னதை மட்டும், சாகும்வரைக்கும், ஒரு கேள்வி கேட்காமல் நம்பினார்.